படியளந்த ஊர்: லக்சர் நாட்குறிப்பு

ஜனவரி 9

எகிப்தின் லக்சர் நகருக்கு வந்திருக்கிறேன். அலைபேசியில் அழைத்த அக்காள் மகன், "மாமா, மம்மியை, அந்தப் பதப்படுத்திய உடலைப் பார்த்தீர்களா? கல்லறையைத் திறந்தவர்களைப் பிடிக்கும் என்கிற சாபம் பிடிக்காதா?" என்றுதான் முதலில் கேட்டான். 1922 நவம்பரில் எகிப்திய அரசர் துத்தன்காமனின் கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்ட் கார்ட்டர் அதன்பின் 16 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1939இல்தான் இறந்தார் என்று சொன்னேன். அவனுக்கு ஏமாற்றமே.

ஜனவரி 10

நைல் நதியைக் கடந்து டெய்ர் எல்-மெதினாவுக்குப் போனேன். அரசர்களைப் புதைத்த அரசர் பள்ளத்தாக்கின் கல்லறைகளைக் குடைந்து, சுவர்களில் வண்ணம் தீட்டியவர்கள் 400 ஆண்டுகளுக்கு மேல் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த ஊர் இது. வாசல் அறை, நடுக்கூடம், அதன் பின்னே அடுப்படி என்று ஏறக்குறைய 70 வீடுகளின் அடிச்சுவர்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஊருக்குள் நீர் கிடையாது. கழுதைகளின் மேல்தான் வந்திருக்கிறது.

ஜனவரி 11

இவ்வூரின் வருகைப்பதிவு ஒன்றை முன்பு லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பார்த்தது இன்று முழுவதும் நினைவில் இருந்தது. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த சுண்ணாம்புக்கல் சில்லில், அரசர் இரண்டாம் ராம்சேஸின் 40ஆம் ஆட்சியாண்டில், 40 தொழிலாளர்களின் பெயர்களை ஓரத்தில் வரிசையாக எழுதி, வராத நாட்களைக் கறுப்பு மையிலும், அவற்றின் தலைமேல் காரணங்களைச் சிவப்பு மையிலும் எழுத்தர் குறித்திருக்கிறார். ஒருவரைத் தேள் கொட்டியிருக்கிறது, ஒருவருக்குக் கண்நோய், ஒருவர் வீட்டில் பீர் காய்ச்சினார், வீட்டுப் பெண்ணின் தீட்டுக்காகவும் சிலர் வரவில்லை. ஒருவர் இறந்த தாயின் உடலைத் துணியால் சுற்றப் போயிருந்தார். உலகம் மம்மி என்று வேடிக்கை பார்ப்பதை, ஒரு மகன் வேலைக்குப் போகாமல் இருந்து செய்த கடமையாக அந்தச் சிவப்பு மைதான் எனக்குக் காட்டியது.

ஜனவரி 12

சாட்டைக்கு அஞ்சி நடுங்கும் அடிமைக் கூட்டம் என்று திரைப்படங்கள் மனத்தில் பதித்த காட்சி இங்கே சற்றும் பொருந்தவில்லை. இவ்வூர்த் தொழிலாளர்களுக்கு மாதந்தோறும் கோதுமையும் பார்லியும் கூலியாக அளக்கப்பட்டன. மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டில் அந்தப் படி வராமல் 18 நாட்கள் கழிந்தபோது, கருவிகளைப் போட்டுவிட்டுக் கோயில் ஒன்றின் பின்புறம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். "பசியாலும் தாகத்தாலும் வந்தோம். துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை. அரசருக்கு எழுதுங்கள்" என்று அவர்கள் சொன்னது, இப்போது இத்தாலியின் தூரின் நகரில் இருக்கும் பாப்பிரஸ் என்னும் நாணல் தாள் சுருளில் பதிவாகியிருக்கிறது.

ஜனவரி 13

இவ்வூர்க் கைவினைஞர் சென்னெஜெமின் கல்லறைக்குள், தலையைக் குனிந்து செங்குத்தான படிகளில் இறங்கினேன். எகிப்தியர் சாவையே நினைத்து வாழ்ந்தவர்கள் என்று பள்ளி நாள் முதல் கேட்டுவந்த எனக்கு, ஒரு சுவரில் வயலும் வாய்க்காலும் பழம் தொங்கும் மரங்களும் தெரிந்தன. ஆயுளை மலைக்குள் உளியோசையில் கழித்தவர் மறுமையில் வெள்ளாடை உடுத்தி ஏர் ஓட்டுகிறார். மனைவி ஈநெஃபெர்த்தி பின்னாலேயே விதை தூவி வருகிறார். இன்னொரு பக்கம் கணவர் கதிர் அறுக்க, அறுத்த கதிர்களை அந்த அம்மாள் கூடையில் சேர்க்கிறார். 3,200 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கதிர்களின் மஞ்சள் மங்கவில்லை.