டில்லமூக் ஹேங்கர்: பெயிண்டுக்கு முன் கூரை

அமெரிக்காவின் ஒரெகான் மாநிலத்தில், டில்லமூக்கில் நிற்கும் பிளிம்ப் ஹேங்கர் (வாயு நிரப்பிய வான்கப்பல்களை நிறுத்தும் கொட்டகை) 1943-ல் கட்டி முடிக்கப்பட்டது. நீளம் 1,072 அடி, உயரம் 192 அடி. போருக்கு எஃகு தேவைப்பட்டதால் பெரும்பாலும் மரம். பக்கத்தில் இருந்த ஜோடி ஹேங்கர் 1992-ல் எரிந்துபோனது. கலிஃபோர்னியாவின் டஸ்டினில் இதே ரகம் ஒன்று 2023-ல் எரிந்தது. சுற்றுவட்டாரமெல்லாம் அஸ்பெஸ்டாஸ் துகள்.

இந்த மாதிரிக் கட்டடத்துக்கு நிதி திரட்டும் தன்னார்வலர்கள் பெயிண்டில் ஆரம்பிப்பதுண்டு. பளிச்சென்று தெரியும், நன்கொடையும் வரும். ஆனால் கூரை ஒழுகினால் தண்ணீர் போல்ட் துளைக்குள் இறங்கி மரத்தை உள்ளிருந்தே மக்கவைக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. மரம் காயக் காயச் சுருங்குவதால் போல்ட்டும் தளரும். வாஷரை விரலால் சுற்ற முடிந்தால் அந்த இணைப்பு தளர்ந்துவிட்டது. உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள்; துளையை ஒட்டி மரம் பிளந்திருக்கிறதா என்று பொறியாளர் பார்க்கட்டும்.

ஆக, முதல் வசூல் பொறியாளரின் ஆய்வறிக்கைக்கு மட்டும். அது கையில் இல்லாமல் மானியம் கேட்டுப் போவது வீண் அலைச்சல். பிறகு கூரையைச் சதுர அடிக் கணக்கில் பிரித்து நன்கொடை கேளுங்கள்; அந்தப் பணத்துக்குத் தனிக் கணக்கு. மதிப்பீட்டுக்கு மேல் 20 சதவீதம் ஒதுக்குங்கள். இவ்வளவு உயரத்துக்குச் சாரம், அஸ்பெஸ்டாஸ் அகற்றும் கூலி, காப்பீடு, இந்த மூன்றும்தான் பட்ஜெட்டில் விட்டுப்போகும்.