பத்து பத்துக்கு என்று போன செய்தி

2024 ஜனவரி 25, தைப்பூசக் காவடி. பெலால் புயல் மொரீசியஸ் தலைநகர் போர்ட் லூயியின் தெருக்களைக் குளமாக்கிவிட்டுப் போய்ப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஆற்றங்கரையில் அலகு குத்துவது காலை 8:30க்கு, நேரலை உண்டு. வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு அவரவர் ஊர் நேரத்தைப் போட்டுச் செய்தி அனுப்ப நான் பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்திருந்தேன். கோயில் வேலை, காசில்லாத வேலை. ரோஸ் ஹில் வீட்டில் ஒரு மாலையில் முடித்தது.

சென்னையில் படிக்கும் சித்தப்பா மகளுக்கு 10:10 என்று செய்தி போயிருக்கிறது. அவள் 10:10க்குத் திறந்தபோது, முதல் காவடி எடுத்த அவளுடைய அண்ணனுக்கு அலகு குத்தி முடிந்து கூட்டம் நகர ஆரம்பித்துவிட்டது. சித்தப்பா போன் செய்தார். அவர் பேசியது இங்குள்ள கிரியோல் மொழியில்; தமிழில் சொன்னால் இப்படி வரும்: "ஏன்டா, சென்னைக்கும் நமக்கும் ஒன்றரை மணி நேரம்னு எங்க அம்மாவுக்கே தெரியும். உன் கம்ப்யூட்டருக்குத் தெரியாதா?"

ஒரு மணி நேரம் பிசகியிருந்தால் காரணம் உடனே புரிந்திருக்கும். பத்து நிமிடம் எப்படிப் பிசகும்? இரவு முழுக்கத் தேடினேன். ஊர் ஊருக்கு நேரக் கணக்கு வைத்திருக்கும் நேர மண்டலத் தரவுத்தளத்தில் மொரீசியஸுக்கு முதல் பதிவாக இருப்பது இன்றைய +4 இல்லை, 1907க்கு முந்தைய போர்ட் லூயியின் உள்ளூர்ச் சராசரி நேரம்: கிரீன்விச்சுக்கு 3 மணி 50 நிமிடம் முன்னால். அந்தத் தரவைப் பைத்தானுக்குத் தரும் பைடிஇசட் என்ற நூலகத்தின் (பிறர் எழுதிவைத்த நிரல் தொகுப்பு) மண்டலத்தை ஒரு தேதிப் பொருளுக்குள் நேரடியாக வைத்தால் அந்தப் பழைய பதிவுதான் ஒட்டிக்கொள்ளும். லோக்கலைஸ் என்ற செயற்கூறு வழியாகத்தான் வைக்க வேண்டும். பலரும் விழுந்து எழுந்த பள்ளம் இது.

ஆனால் நானாக அதில் விழவில்லை. தேதிக் கணக்குக்கு நான் பயன்படுத்திய இன்னொரு நூலகத்தின் பயன்பாட்டு ஆவணத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது; வரிக்கு வரி அதைத்தான் எடுத்துப் போட்டேன். அங்கே உதாரணம் பாரிஸ்: ஜனவரியில் காலை 9:00, கீழே விடை கிரீன்விச் நேரம் 08:00. விடை சரி. ஓட்டிப் பார்த்தால் 08:51 வருகிறது. எழுதியவர் ஓட்டிப் பார்க்கவே இல்லை. மனக்கணக்கில் சரியான விடையைப் போட்டிருக்கிறார், அந்தச் சரியான விடைதான் தவறான நிரலை அத்தனை நாள் மறைத்து வைத்திருக்கிறது.

அந்த நூலகத்தைப் பராமரிப்பவர்களுக்குப் புகார் எழுதினேன். "ஆவணத் திருத்தம்தானே, நீங்களே அனுப்புங்கள்" என்று பதில் வந்தது. அந்த "தானே"யை நம்பி இறங்கினேன்.

பைத்தானோடு டாக்டெஸ்ட் என்ற கருவி சேர்ந்தே வருகிறது. டிம் பீட்டர்ஸ் எழுதியது, 2001இல் வந்த 2.1 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஆவணத்துக்குள் >>> என்று தொடங்கும் வரிகளை ஓட்டி, வரும் விடையைக் கீழே எழுதியிருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும். ஒற்றை மேற்கோள் இருக்க வேண்டிய இடத்தில் இரட்டை இருந்தாலும் தோல்விதான். மாமியார் கண். அந்த நூலகத்தின் ஆவணம் முழுவதையும் அதில் ஓட்டியதும் ஏறக்குறைய பாதி உதாரணங்கள் விழுந்தன. நூலகத்தை உள்ளே அழைக்கும் இம்போர்ட் வரி இல்லாதவை, இன்றைய தேதியைக் கேட்டுவிட்டு என்றோ ஒரு நாளின் விடையைப் போட்டவை, செட் என்ற வரிசையில்லாத தொகுப்பை அப்படியே அச்சிட்டு ஓட்டத்துக்கு ஓட்டம் வரிசை மாறியவை. இவற்றைத் திருத்தப் பொறுமை போதும். செட்டுகளை வரிசைப்படுத்தி அச்சிட்டேன், தேதிகளை நிலையாக வைத்தேன்.

சலித்துப்போன ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஒரு குறுக்குவழி தோன்றியது. விழுந்த உதாரணங்களுக்கு நிரல் தருகிற விடையையே எடுத்து ஆவணத்தில் ஒட்டிவிட ஒரு ஸ்கிரிப்ட். ஐந்து நிமிட வேலை. ஓட்டினேன், எல்லாம் பச்சை. காபி போட்டுக்கொண்டு வந்து மாற்றங்களை மேலோட்டமாகப் பார்த்தால், பாரிஸ் உதாரணத்தின் கீழே 08:51 உட்கார்ந்திருக்கிறது. சோதனை அதைப் பாஸ் செய்திருக்கிறது. இத்தனை நாள் வெறும் பிழையாக இருந்ததற்கு நானே முத்திரை குத்திக் கொடுக்க இருந்தேன்.

மொத்தத்தையும் கிட் என்ற பதிப்புக் காப்புக் கருவியில் பின்வாங்கிவிட்டு, ஒவ்வொரு விடையையும் நிரலுக்கு வெளியே இருந்து சரிபார்க்க உட்கார்ந்தேன். பாரிஸுக்கு எனக்குக் கருவி வேண்டாம். அத்தை அங்கே இருக்கிறார். குளிர்காலத்தில் மூன்று மணி நேர வித்தியாசம், கோடையில் இரண்டு என்பது எங்கள் வீட்டில் குழந்தைக்கும் தெரியும். மற்றவற்றுக்குக் காகிதமும் பென்சிலும். மூன்று வாரம் ஆனது.

நேர மண்டல உதாரணங்களைப் பைடிஇசட்டிலிருந்து ஸோன்இன்ஃபோ என்ற தொகுப்புக்கு மாற்றினேன். அது 2020இல் வந்த 3.9 பதிப்பிலிருந்து பைத்தானிலேயே இருக்கிறது, இந்த உள்ளூர்ச் சராசரி நேரச் சிக்கலும் அதில் இல்லை. என் லினக்ஸ் கணினியில் எல்லாம் ஓடியது. என் மாற்றங்களைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிப் புல் ரிக்வெஸ்ட் போட்டதும் விண்டோஸ் சோதனை மட்டும் சிவப்பு: மண்டலமே கிடைக்கவில்லை என்கிறது. ஸோன்இன்ஃபோ கணினியில் ஏற்கெனவே இருக்கும் தரவுத்தளத்தைப் படிக்கிறது. விண்டோஸில் அது படிக்கக்கூடிய வடிவில் ஒன்று கிடையாது. டிஇசட்டேட்டா என்ற தொகுப்பைத் தனியாக நிறுவ வேண்டும். அந்த ஒரு வரியைச் சோதனை அமைப்பில் மட்டும் சேர்க்காமல் ஆவணத்திலும் சேர்த்தேன், படிக்கிறவருக்கும் அதே சிக்கல் வருமே.

மதிப்பாய்வாளர் கறாரானவர். கைவைக்கப் பயந்து, ஓட்டாமல் தாண்டிப் போகும்படி நான் "ஸ்கிப்" போட்டுவிட்டிருந்த நாலைந்து உதாரணங்களைத் திருப்பி அனுப்பினார்: ஓட்ட முடியாது என்றால் எடுத்துவிடுங்கள். எரிச்சலாக இருந்தது. செய்தபின் ஆவணம் நன்றாகவே இருந்தது.

நான் ஆசையாகச் சேர்த்த ஒன்றில்தான் இருவரும் முட்டிக்கொண்டோம். 2008 டிசம்பர் 25, மொரீசியஸில் பகல் 12:00. விடை கிரீன்விச் 07:00. "மொரீசியஸ் +4 அல்லவா, 08:00 வர வேண்டாமா?" என்று கேட்டார். அந்தக் கோடையில், 2008 அக்டோபர் 26 முதல் 2009 மார்ச் 29 வரை, இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் கைவிட்டார்கள் என்று எழுதினேன். மார்ச் வாக்கில் சரியாக விடியுமுன்னே பள்ளிப் பஸ்ஸுக்கு நின்றதை எழுதவில்லை. அவர் தரவுத்தளத்தில் போய்ப் பார்த்திருப்பார் போல; "இது இருக்கட்டும்" என்று ஒரே வரி, அன்றே இணைத்துவிட்டார்.

அடுத்த காவடி 2025 பிப்ரவரி 11. நிரலைத் திருத்தியாயிற்று, இந்த முறை சரியாக வரும் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். தலையாட்டினார். செய்தி கிளம்புமுன் போனை வாங்கி, சென்னை என்ற வரியில் விரல் வைத்து, ஒன்பதரை, பத்து என்று வாய்க்குள் எண்ணிப் பார்த்தார். "அனுப்பு" என்றார்.