நாயும் பூனையும் உள்ள வீட்டில் ஒரு காட்டுக் குஞ்சு

கீழே கிடக்கும் பறவைக் குஞ்சைப் பார்த்ததும் அள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடத்தான் தோன்றும். அதற்கு முன் ஒரு நிமிடம் அதன் உடம்பைப் பாருங்கள். உடம்பெல்லாம் இறகு மூடி, குட்டை வாலோடு தத்தித் தத்திப் போகிறதா? அது கூட்டிலிருந்து தவறி விழுந்தது அல்ல, பறக்கப் பழகுகிறது. தாயும் தகப்பனும் பக்கத்துக் கிளையில்தான் இருக்கும். நீங்கள் விலகினால் இரையோடு இறங்கி வரும். அதைத் தாழ்ந்த கிளையிலோ புதரிலோ ஏற்றிவிட்டு, உங்கள் பூனையை மூன்று நான்கு நாள் வீட்டுக்குள் அடைத்து வையுங்கள். அந்தக் குஞ்சுக்கு அதைவிடப் பெரிய உதவி எதுவும் இல்லை.

இறகு முளைக்காததாக, கண் திறக்காததாக இருந்தால் கூட்டைத் தேடி உள்ளே வைத்துவிடலாம். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் நம்பிக்கைதான். கூடு கலைந்து போயிருந்தால், அடியில் ஓட்டை போட்ட சிறு கூடையில் பழைய கூட்டின் புல்லை வைத்து அதே மரத்தில் கட்டுங்கள். தள்ளி நின்று இரண்டு மணி நேரம் கவனியுங்கள். பல சமயம் தாய் வந்துவிடும்.

பூனை வாயிலிருந்து மீட்ட குஞ்சுக்கு இந்தக் காத்திருப்பு கூடாது. பூனையின் எச்சிலில் இருக்கும் பாஸ்டுரெல்லா என்ற கிருமி, ஊசி முனை அளவு பல் தடம் வழியாகவே உள்ளே போய் ஓரிரு நாளில் இரத்தத்தில் பரவிவிடும். இறகுக்கடியில் காயம் கண்ணுக்குத் தெரியாது. மேலுக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டால், மறுநாளோ அதற்கு மறுநாளோ செத்துக் கிடக்கும். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டி ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும்.

தாயிடம் சேர்க்க வழியே இல்லை என்றால் முதலில் தேட வேண்டியது வனவிலங்கு மீட்பு மையம். பல நாடுகளில் காட்டுப் பறவையை அனுமதியின்றி வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒரு காரணம். அங்கே அதே இனக் குஞ்சுகள் வேறு இருக்கும், சேர்ந்து வளரலாம் என்பது அதைவிட முக்கியமான காரணம். இனி சொல்வதெல்லாம், அங்கே சேர்க்கும் வரையோ அவர்கள் வழிகாட்ட வீட்டிலேயோ பார்த்துக்கொள்ள வேண்டிய நிலைக்கு.

எடுத்தவுடன் ஊட்டாதீர்கள். குளிர்ந்துபோன குஞ்சுக்குச் செரிக்காது. உள்ளே போன இரை அப்படியே தங்கிப் புளித்து அதைக் கொன்றுவிடும். முதலில் சூடு, பிறகு நீர்ச்சத்து, அதன் பிறகுதான் இரை. இறகில்லாத குஞ்சைச் சுற்றி 33 முதல் 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். குருத்திறகு வந்ததும் 29 முதல் 32 போதும். முழுதாக இறகு மூடியபின் 25, 26 டிகிரி சரியாக இருக்கும். மின்சூட்டு விரிப்பைப் பெட்டியின் பாதிக்கு மட்டும் அடியில் வையுங்கள், சூடு தாங்காவிட்டால் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். விரிப்பு இல்லையென்றால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைக்கலாம், ஆனால் ஆற ஆற மாற்றியாக வேண்டும். குஞ்சுக்குப் பக்கத்திலேயே ஒரு தெர்மாமீட்டர் இருக்கட்டும். வாயைத் திறந்து, கழுத்தை நீட்டி மூச்சிரைத்தால் சூடு அதிகம். தொட்டால் சில்லென்று, அசையாமல் கிடந்தால் போதவில்லை.

படுக்கைக்கு, குஞ்சு நெருக்கமாக உட்காரும் அளவுக்கு ஒரு சின்னக் கிண்ணம் போதும். அதில் டிஷ்யூ காகிதத்தைக் குழிவாக மடித்து வையுங்கள். தட்டையான தரையில் விட்டால் கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து அப்படியே நின்றுவிடும், பிறகு கிளையைப் பிடிக்கவே முடியாது. பஞ்சும் நூல் பிரியும் துணியும் வேண்டாம். நூல் விரலில் சுற்றி இறுகினால் ஒரே நாளில் விரல் கறுத்துப்போகும்.

பல குஞ்சுகள் சாவது வாயில் தண்ணீர் ஊற்றித்தான். குஞ்சு வாயைப் பிளக்கும்போது நாக்கின் பின்புறம் ஒரு சிறு பிளவு திறந்து மூடுவது தெரியும். அதுதான் மூச்சுக்குழாயின் வாய். வாயில் விட்ட தண்ணீர் நேராக அதற்குள் இறங்கிவிடும். தோல் சுருங்கி, வாய் பிசுபிசுப்பாக இருந்தால், வெதுவெதுப்பான உப்பு-சர்க்கரைக் கரைசலை அலகின் ஓரத்தில் ஒரு துளி தொட்டு வையுங்கள். அதை விழுங்கிய பிறகு அடுத்த துளி. எச்சம் போட்டுவிட்டால் இரை தொடங்கலாம். அதற்குப் பின் தனியாகத் தண்ணீர் தேவையில்லை, ஊறிய இரையிலேயே வேண்டிய ஈரம் கிடைத்துவிடும்.

சிட்டுக்குருவி பெரியதானபின் தானியம் தின்னும், ஆனால் குஞ்சுக்கு அதன் தாய் கொடுப்பது பெரும்பாலும் பூச்சிதான். மைனாவும் அப்படியே. ஆகவே பாலும் ரொட்டியும் சோறும் வேண்டாம். பறவைக்குப் பால் செரிக்காது. ரொட்டியிலும் சோற்றிலும் வயிறு நிரம்பும், உடம்பு வளராது. வீட்டில் பூனை இருந்தால் ஒரு வசதி: பூனைக்குட்டிகளுக்கான உலர் உணவில் புரதம் அதிகம். வெந்நீரில் ஊறவைத்து, பஞ்சு போல மிருதுவானதும் சொட்டாத அளவுக்கு நீரை வடித்து, அவித்த முட்டையைக் கொஞ்சம் மசித்துச் சேர்த்து, ஒரு சிட்டிகை கால்சியம் கார்பனேட் பொடி கலந்தால் அடிப்படை இரை தயார். இடையிடையே சுவர்க்கோழியும் தலை நசுக்கிய மீல்வார்ம் புழுவும் கொடுக்கலாம். மீல்வார்மை மட்டுமே கொடுத்து வளர்த்தால் கால்சியம் பற்றாமல் எலும்பு வளையும், கால் ஒடியும். மண்புழுவில் ஒட்டுண்ணி இருக்கும், தவிர்த்துவிடுங்கள்.

கண் திறக்காத குஞ்சுக்கு 20 நிமிடத்துக்கு ஒருமுறை, கண் திறந்தபின் அரை மணிக்கு ஒருமுறை, இறகு மூடியதும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, விடிந்ததிலிருந்து இருட்டும் வரை ஊட்ட வேண்டும். இரவில் வேண்டாம், தாயும் தூங்கத்தான் செய்யும். வேலைக்குப் போய்வரும் ஒருவர் தனியாக இதைச் செய்ய முடியாது என்பதை முதல் நாளே ஒப்புக்கொண்டு துணைக்கு ஆள் பார்ப்பது குஞ்சுக்கு நல்லது. முனை மழுங்கிய இடுக்கியால் சின்ன உருண்டையாக எடுத்து, தொண்டைக்குள் ஆழமாக வையுங்கள். ஒரு வேளைக்கு உடல் எடையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது 20 கிராம் குஞ்சுக்கு ஒரு கிராம். ஊட்டியவுடன் குஞ்சு பின்புறத்தைத் தூக்கி, வெள்ளைச் சவ்வு மூடிய எச்சப் பொதியை வெளியே தள்ளும். இடுக்கியால் அப்படியே எடுத்துவிடலாம். பொதி உடைந்து தண்ணியாகப் போனாலும், இரண்டு மூன்று வேளை வராமலே இருந்தாலும் இரையிலோ சூட்டிலோ ஏதோ கோளாறு. இறகில் ஒட்டிய இரையை ஈரப் பஞ்சுக்குச்சியால் உடனே துடையுங்கள். காய்ந்தால் இறகு அதோடு ஒடியும்.

தினமும் காலையில் முதல் வேளைக்கு முன் கிராம் தராசில் எடை பாருங்கள். சிட்டுக்குருவி பிறக்கும்போது சுமார் 2 கிராம்தான், இரண்டு வாரத்தில் 20 கிராமைத் தாண்டிவிடும். இந்த வயதில் ஒரு நாள் எடை ஏறாமல் நின்றாலே ஏன் என்று பார்க்க வேண்டும். பட்டினி இறகிலும் பதியும். விரிந்த சிறகை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், குறுக்கே மெல்லிய வெளிறிய கோடு தெரியும். இரை குறைந்த நாளில் வளர்ந்த பகுதி அது. பின்னால் அந்த இடத்தில்தான் இறகு முறியும்.

புறாக்குஞ்சு வாயைப் பிளக்காது. தாயின் வாய்க்குள் தன் அலகை நுழைத்துக் குடிக்கும். அதற்குத் தனி முறை, தனி இரை, ஒரு நாளைக்குச் சில வேளை மட்டும். தீனிப்பை (கழுத்தடியில் இரை தங்கும் பை) ஏறக்குறையக் காலியான பிறகே அடுத்த வேளை. உழவாரன் (ஸ்விஃப்ட்) என்ற பறவையின் குஞ்சுக்குப் பூச்சி தவிர எதுவும் கூடாது. இரண்டையும் தெரிந்தவர் கையில் கொடுப்பதே சரி.

இனி வீட்டு விலங்குகள். குஞ்சுக்குக் கதவு சாத்தக்கூடிய ஓர் அறை வேண்டும், அந்தக் கதவுக்கு மறுபக்கம்தான் நாயும் பூனையும். நாய் தொடவே தொடாது என்றாலும், அது உற்றுப் பார்ப்பதும் குரைப்பதும் போதும், குஞ்சு இரை எடுக்காமல் ஒடுங்கிவிடும். அதைவிட மோசம், ஒடுங்காமல் பழகிப் போவது. நாய் மடியில் குருவி தூங்கும் படங்களைப் பார்க்க மனம் இளகும்தான். ஆனால் பூனையைக் கண்டு பறக்கத் தெரியாத பறவை வெளியே ஒரு வாரம் தாங்காது. நாம் வளர்க்கும்போதே அந்தப் பயத்தைத் தொலைத்துவிடக் கூடாது. அதனால்தான் நாமும் ஊட்டும் நேரம் தவிர அதோடு பேசாமல், கையில் எடுத்துக் கொஞ்சாமல் இருக்க வேண்டியிருக்கிறது.

வீட்டில் கிளியோ லவ்பேர்ட்ஸோ இருந்தால் முதலில் அவற்றைக் கவனித்துவிட்டு, கடைசியில் குஞ்சிடம் போங்கள். ஒட்டுண்ணியும் கிருமியும் கையிலும் உடையிலும் வரும். தனிப் பாத்திரம், தனித் துணி, ஒவ்வொரு முறையும் சோப்புக் கழுவல். குஞ்சு இருக்கும் வீட்டில் கொசுவர்த்திப் புகை கூடாது. ஒட்டாத பூச்சுள்ள வாணலி அடுப்பில் அளவுக்கு மீறிக் காய்ந்தால் எழும் ஆவி, எந்தப் பறவையையும் சில நிமிடத்தில் கொன்றுவிடும். இரைத் துணுக்குக்கு எறும்பு வரும்; நகர முடியாத குஞ்சின் கண்ணையே கடிக்கும். பெட்டி வைத்த மேசையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள்.

கிண்ணத்தின் விளிம்பில் ஏறி நிற்கத் தொடங்கியதும் துணிவலைக் கூண்டுக்கு மாற்றலாம். கம்பிக் கூண்டு வால் இறகைச் சிதைத்துவிடும். வெவ்வேறு தடிமனில் இயற்கைக் குச்சிகள், ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாத தண்ணீர்த் தட்டு, தரையில் உயிருள்ள பூச்சி. காலை வெயிலும் வேண்டும், ஒதுங்க நிழலோடு. கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயிலில் பயன் இல்லை, கால்சியத்தைச் சேர்க்க உதவும் புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அறைக்குள் பறக்க விடும் நேரத்தில் மின்விசிறி நின்றிருக்க வேண்டும், தண்ணீர் வாளி மூடியிருக்க வேண்டும், மீன்தொட்டிக்கு மூடி வேண்டும். தானே கொத்தித் தின்னப் பழகும்போது எடை கொஞ்சம் குறையும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் மீண்டும் கையால் ஊட்டுங்கள்.

ஒரு நாள் முழுக்கக் கையால் ஊட்டாமலே எடை குறையாமல் நிற்கிறது, நேராகவும் மேலெழும்பியும் பறக்கிறது, நனைந்தால் இறகிலிருந்து நீர் வழிந்து ஓடுகிறது என்றால் வெளிக்கூண்டில் ஒன்று இரண்டு வாரம் வையுங்கள். பிறகு மழையில்லாத ஒரு காலையில் கதவைத் திறந்து வையுங்கள், துரத்த வேண்டாம். இரைத் தட்டு அதே இடத்தில் இருக்கட்டும். முதல் நாட்களில் பலமுறை வரும், பிறகு மாலையில் மட்டும் வரும், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள். தட்டில் வைத்தது நான்கைந்து நாள் தொடாமல் கிடந்தால் தட்டை எடுத்துவிடலாம். பூனை இன்னும் ஒரு வாரம் உள்ளேயே இருக்கட்டும்.