உலாம் ராஜாவும் புரட்டிய மண்ணும்

எங்கள் அடுக்குமாடிப் புளோக்குக்கு எதிரே குழாய் பதிக்கும் வேலைக்காக நெடுநாள் அடைத்து வைத்திருந்த தகர வேலியைச் சென்ற மாதம் அகற்றியபோது, புரட்டிப் போட்ட செம்மண் மேட்டில் இடுப்பளவு உயரத்துக்கு இளஞ்சிவப்புப் பூக்கள் ஆடிக்கொண்டிருந்தன. யாரும் விதைக்கவில்லை. நாங்கள் மக்சிக் (மலாயில் அத்தை) என்றழைக்கும் பக்கத்து வீட்டு அம்மையார் பார்த்தவுடனே "உலாம் ராஜா" என்றார்.

பெயரில் ராஜா இருந்தாலும் அது இந்த மண்ணுக்கு வந்தேறிதான். மெக்சிகோ உள்ளிட்ட வெப்பமண்டல அமெரிக்காவைச் சேர்ந்த இச்செடியை ஸ்பானியர்கள் பிலிப்பீன்ஸுக்குக் கொண்டுவந்தார்கள் என்பர். மலாய்க்காரர்கள் அதைச் சோற்றோடு பச்சையாக உண்ணும் 'உலாம்' கீரைகளுக்கே அரசனாக்கிவிட்டார்கள். தாவரவியலில் அதன் பெயர் காஸ்மாஸ் காடேட்டஸ். மட்ரிட் நகரின் தாவரவியலாளர் கவனீயஸ் 1791இல் இந்தப் பேரினத்துக்குச் சூட்டிய 'காஸ்மாஸ்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ஒழுங்கு என்று பொருள். ஒழுங்கு குலைந்த இடமாகப் பார்த்து முளைக்கும் செடிக்கு அப்படியொரு பெயர்!

அது அங்கே எப்படி வந்தது என்பதை என் காற்சட்டை சொல்லிற்று. மேட்டருகே ஒருமுறை நடந்து வந்ததற்கே, ஏறத்தாழ ஓர் அங்குல நீளமுள்ள கறுத்த ஊசிகள் துணியெங்கும் தைத்திருந்தன. ஒவ்வொன்றும் ஒரு விதை. அதன் நுனியில் இரண்டு மூன்று முட்கள், அந்த முட்களிலும் தூண்டிலைப் போலப் பின்னோக்கி வளைந்த நுண்கொக்கிகள். ஊரில் நாயுருவி ஒட்டியது நினைவுக்கு வந்தது. வேலையாட்களின் காலுறையிலோ மண் ஏற்றிவந்த லாரியிலோ இந்த விதைகள் பயணம் செய்திருக்க வேண்டும்.

முளைத்து, பூத்து, விதைத்துச் சாவதை ஒரே ஆண்டுக்குள் முடித்துக்கொள்ளும் ஓராண்டுச் செடி இது. ஆண்டுக்கணக்காக வேரோடிய புல்லோடு அதனால் போட்டியிட முடியாது. வெயில் நேராக விழும் வெற்று மண்தான் அதற்கு வாய்ப்பு. ஓயாமல் தோண்டி மூடும் இந்தத் தீவில் அதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை.

முன்பொருமுறை இதைத் தொட்டியில் வளர்த்து, உரத்தை அள்ளிப் போட்டேன். இலை மண்டியது, பூ அரிதாயிற்று. மக்சிக்குக்கு அதில் மகிழ்ச்சியே, ஏனெனில் பூக்கும் முன் கிள்ளிய தளிர்தான் சம்பல் பெலாச்சான் என்னும் மிளகாய், இறால் விழுதுத் துவையலோடு தின்ன ஏற்றது. பச்சை மாங்காய் மணக்கும் அந்தத் தளிரை அம்மா வதக்கித் துவையல் அரைத்தபோது மணம் முழுவதும் போய்விட்டது. அதைப் பச்சையாகவே தின்ன வேண்டும் என்பது என் கட்சி. வேலைத்தள மண்ணில் முளைத்ததை மட்டும் நான் தொடவில்லை.

சென்ற வாரம் மேட்டைச் சமன்செய்து புல் பதித்துவிட்டார்கள். காற்சட்டையிலிருந்து பிடுங்கிய விதைகளில் பதினொன்றைத் தாழ்வாரத் தொட்டியில், இம்முறை உரம் எதுவும் இடாமல், ஊன்றியிருக்கிறேன்.