தேய்ந்த கட்டைவிரல்

"ஊருக்குப் போறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவ ஆரம்பிச்சிடு தம்பி." சிங்கப்பூரில் எங்களைப் போன்ற தொழிலாளர்கள் தங்கும் டார்மிட்டரியில் பக்கத்துக் கட்டில் அண்ணன் சொன்ன யோசனை இது. வருடக்கணக்காகச் சிமெண்ட் கலந்த கை. கட்டைவிரலில் ரேகை இருந்த இடம் வழவழவென்று ஆகிவிட்டது.

எண்ணெய் தடவித்தான் தங்கை கல்யாணத்துக்குப் புறப்பட்டேன். சாங்கி விமான நிலையத்தில், குடிநுழைவுச் சோதனையின் தானியங்கிக் கதவில் மூன்று முறை விரலை வைத்தேன், திறக்கவில்லை. பின்னால் வரிசை. அதிகாரி ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, வேலை அனுமதி அட்டையையும் முகத்தையும் பார்த்துவிட்டு அனுப்பினார். அவர் மரியாதையாகத்தான் பேசினார். வியர்த்ததென்னவோ எனக்குத்தான்.

இப்போது அந்தத் தொல்லை குறைந்துவிட்டது. 2024இலிருந்து சாங்கியில் புறப்படும்போது முகமும் கருவிழியுமே போதும், பாஸ்போர்ட்டை எடுத்துக் காட்ட வேண்டியதில்லை. சௌகரியம்தான். ஆனால் விரலையாவது நானாக நீட்டினேன். முகம் அப்படியில்லையே.

வேலை அனுமதியோடு வரும் ஃபின் எண், அதாவது வெளிநாட்டினருக்கான அடையாள எண், ஒன்றுதான், போகிற இடமெல்லாம் அதைத்தான் கேட்கிறார்கள். என் அட்டையில் அப்பா பெயர் முன்னால் வந்துவிட்டது. அதனால் கிளினிக்கிலும் வங்கியிலும் "முருகேசன்" என்று அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள், நான் எழுந்து போகிறேன். திருத்தச் சொன்னால், பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் இருக்கும் என்கிறார்கள். பாஸ்போர்ட்டைத் திருத்தத் தனியாக அலைய வேண்டும்.

இங்கே 2012இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும், அரசு அமைப்புகளை அல்ல. அவை தங்களுக்குள் தரவைப் பகிர்வதற்கு 2018ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. அந்தத் தரவைத் தவறாகப் பயன்படுத்தும் அரசு ஊழியருக்கு 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. சரி, தண்டனை இருக்கிறது. யார் பார்த்தார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

யார் யாரோடு பக்கத்தில் இருந்தார்கள் என்று பதிவுசெய்த கொரோனா காலத்து டிரேஸ்டுகெதர் செயலியை மறக்க முடியாது. தொற்றுத் தடம் பார்க்க மட்டும் என்றார்கள். 2021 ஜனவரியில், போலீஸும் அந்தத் தரவைக் கேட்டு வாங்கலாம் என்று நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. எங்கும் சலசலப்பு. பிப்ரவரியிலேயே சட்டம் போட்டு, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். சத்தம் போட்டவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். டார்மிட்டரியில் நாங்கள் வாயைத் திறக்கவில்லை, பெர்மிட் போய்விட்டால்?

எங்கள் பக்கம் பேசுகிற தரவு ஒன்றே ஒன்றுதான். ஐபிஏ கடிதம், அதாவது வேலை அனுமதிக்கு முன்பு வரும் கொள்கையளவு ஒப்புதல் கடிதம். மனிதவள அமைச்சிடம் முதலாளி சொன்ன சம்பளமும் பிடித்தமும் அதில் தமிழிலேயே இருக்கும். சம்பளத் தகராறு வந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

போன மாதம் அறந்தாங்கிப் பையன் ஒருவன் எங்கள் அறைக்கு வந்தான். "ஐபிஏ எங்கடா?" என்றேன். இறங்கியதுமே கம்பெனி ஆள் வாங்கிக்கொண்டாராம். அன்றிரவே ஊர் ஏஜெண்டுக்குப் போன் போட்டோம். மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் வந்தது, ஓரம் மடங்கிய படமாக. சம்பளம் எழுதியிருக்கும் வரி தெரிகிறது. என் போனிலும் ஒரு பிரதி வைத்திருக்கிறேன்.