இரண்டாவது கியர் கரகரத்த 190இ: வாங்குவதா, விடுவதா?

விற்பவர் எதையும் மறைக்கவில்லை. "கியர்பாக்ஸ் வேலை இருக்கு, பார்த்துட்டு முடிவு பண்ணுங்க" என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார். வண்டி மெர்சிடிஸ் 190இ 2.3-16. பல வருஷமாக ஆசைப்பட்ட வண்டி. பார்க்க அடக்கமான நாலு கதவு செடான்தான். ஆனால் அதன் 16 வால்வு சிலிண்டர் ஹெட் இங்கிலாந்தின் பந்தய இன்ஜின் நிறுவனமான காஸ்வொர்த்தின் கைவண்ணம். 1983 ஆகஸ்டில் இத்தாலியின் நார்டோ வட்டப் பாதையில் 50,000 கிலோமீட்டரை, நிறுத்தங்களையும் சேர்த்து, மணிக்குச் சராசரியாக 247.9 கி.மீ. வேகத்தில் ஓடி முடித்த மாடல் இது. அடுத்த வருஷம் மே மாதம் புதிய நூர்பர்க்ரிங் பாதையின் திறப்புப் பந்தயத்தில் எல்லா ஓட்டுநர்களுக்கும் இதே மாடலைத்தான் கொடுத்தார்கள். அதில் ஃபார்முலா ஒன் சாம்பியன் நிக்கி லௌடாவைப் பின்னுக்குத் தள்ளி ஜெயித்தவர் அப்போது இளைஞராக இருந்த அயர்டன் சென்னா.

இவ்வளவு ஆசை இருந்தால் பழுது சின்னதாகத்தான் தெரியும். அதனால் எங்கே, எந்த அளவுக்குத் தேய்ந்திருக்கிறது என்று ஓரளவு தெரியும்வரை விலையைப் பற்றி வாயே திறப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

இந்த வண்டிக்கு அது ரொம்ப முக்கியம். சாதாரண 190இ-யில் இருப்பது மெர்சிடிஸின் சொந்த கியர்பாக்ஸ். இதில் இருப்பது கெட்ராக் செய்த ஐந்து கியர் பெட்டி. முதல் கியர் இடதுபக்கம் கீழே, ரிவர்ஸ் அதற்கு மேலே. பந்தயத்தில் அடிக்கடி மாற்றும் இரண்டும் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரட்டும் என்று இந்த அமைப்பு. ஓட்டுவதற்கு அருமை. கெட்டுப்போனால்தான் சிரமம். சாதாரண 190இ-யிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டி, அதே வண்டி என்று சொல்லிக்கொள்ள முடியாது.

நான் வரும்வரை இன்ஜினைக் கிளப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். போனதும் பானெட்டில் கை வைத்துப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. கியர் மாற்றும்போது பல்சக்கரங்களின் வேகத்தைச் சமன் செய்து சத்தமில்லாமல் கோக்க வைப்பது சிங்க்ரோ. அதன் தேய்மானம் எண்ணெய் சூடேறாத நேரத்தில்தான் நன்றாகத் தெரியும். சூடேற்றிய வண்டியைக் காட்டினால் பாதி உண்மைதான் தெரியவரும்.

நியூட்ரலில் ஐடிலில் விட்டுக் காது கொடுத்தேன். உள்ளே மெல்லிய உறுமல். கிளட்ச் மிதியை அழுத்தியதும் சத்தம் நின்றது, விட்டதும் திரும்ப வந்தது. மிதியை அழுத்தும்போது சத்தம் வந்திருந்தால் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். அழுத்தும்போது அடங்குகிறது என்றால் பெட்டிக்குள் சுழலும் தண்டுகளின் பேரிங்தான். அப்புறம் மிதியை அழுத்திச் சில நொடி காத்திருந்து ரிவர்ஸ் போட்டேன். சத்தமில்லாமல் விழுந்தது. கிளட்ச் முழுதாக விடுபடுகிறது என்று அர்த்தம். இந்தச் சோதனையைத் தயவுசெய்து யாரும் தவிர்க்காதீர்கள். கிளட்ச் ஹைட்ராலிக் கசிவைச் சிங்க்ரோ பழுது என்று நினைத்து நல்ல கியர்பாக்ஸைப் பிரித்தவர்கள் உண்டு.

ஓட்டிப் பார்த்ததில், மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கர்ரென்று பல் உரசியது. அதே இடத்தில் இரண்டு முறை கிளட்ச் மிதித்து, நடுவில் ஆக்சிலரேட்டர் கொடுத்து வேகத்தைச் சமன் செய்து போட்டபோது வெண்ணெய்போல் இறங்கியது. இரண்டாவது கியரில் வைத்து ஆக்சிலரேட்டரைத் திடீரென்று விட்டும் பார்த்தேன். லிவர் துள்ளி வெளியே வரவில்லை. அப்படியானால் பற்கள் பெரும்பாலும் பிழைத்திருக்கின்றன, தேய்ந்தது சிங்க்ரோ வளையம். ஒன்று முதல் நான்கு வரை இருந்த உறுமல் ஐந்தில் வெகுவாகக் குறைந்தது. இந்தப் பெட்டியில் ஐந்தாவதுதான் நேரடி கியர், இன்ஜின் சுழற்சி அப்படியே வெளியே போகும். மற்ற கியர்களில்போல் பாரம் பக்கத்துத் தண்டு (லேஷாஃப்ட்) வழியாகப் போகாது. ஆகவே சந்தேகம் அந்தத் தண்டின் பேரிங் மேல் விழுந்தது.

கடைசியாக, விற்பவரின் சம்மதத்தோடு மெக்கானிக் கியர் எண்ணெயைக் கொஞ்சம் ஒரு வெள்ளைத் தட்டில் இறக்கினார். வெளிச்சத்தில் சாய்த்தால் தங்கப்பொடி கரைத்ததுபோல் மின்னியது. அது சிங்க்ரோ வளையத்தின் பித்தளை, காந்தத்துக்கு ஒட்டாது. காந்தத்தை ஓட்டியபோது ஒட்டியது சாம்பல் நிறப் பசை மட்டும். விரலில் தேய்த்தால் நெருடவில்லை. இரும்புச் சில்லு ஒன்றாவது சிக்கியிருந்தால் அங்கேயே நன்றி சொல்லிக் கிளம்பியிருப்பேன்.

உண்மையில் எனக்குக் கியர்பாக்ஸைவிடப் பெரிய பயம் துரு. இந்த மாடலைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் பாவாடைக்குப் பின்னால் ஜாக்கி வைக்கும் இடங்கள் கரைந்துபோயிருந்தாலும் வெளியே தெரியாது. லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்து, திருப்புளிப் பிடியால் தட்டித் தட்டிப் பார்த்தேன். பின் சக்கர வளைவில் கொஞ்சம் இருந்தது, அடித்தளம் கெட்டி. தானாக மட்டம் பார்த்துக்கொள்ளும் பின் சஸ்பென்ஷனிலும் கசிவில்லை.

சரி, வாங்குவதா? விலை பேசும் முன்னால் உதிரிபாகங்களைத் தேடினேன். பேரிங்குகளை அளவை வைத்துத் தேடிப் பிடிக்க வழி தெரிந்தது. சிங்க்ரோ வளையம் கிடைக்கும் என்று ஒருவர் எழுத்தில் உறுதி சொன்ன பிறகே விற்பவரைக் கூப்பிட்டேன். வளையத்தை மட்டும் மாற்றும் செலவை வைத்துப் பேசவில்லை. பிரித்த பிறகு பல்சக்கரமும் போயிருந்தால் ஆகும் செலவைக் கழித்துத்தான் கேட்டேன். அவர் இழுத்தார். தட்டில் மின்னிய எண்ணெயை அவரும் பார்த்திருந்ததால் பேச்சு முறியவில்லை. இன்ஜினும் அடித்தளமும் சுமாராக இருந்திருந்தால் எவ்வளவு குறைத்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

பிரித்தபோது இரண்டாவது கியரின் சிங்க்ரோ வளையம் வழவழவென்று தேய்ந்திருந்தது, பக்கத்துத் தண்டின் பேரிங் பாதையில் குழிகள். கியர் போடும்போது கோக்கும் சிறுபற்களின் முனை லேசாக மழுங்கியிருந்தது. அதைச் செதுக்க வேண்டாம், இன்னும் நெடுநாள் ஓடும் என்றார் பெட்டியைத் திறந்தவர். இறக்கியது இறக்கியாயிற்று என்று கிளட்ச் தட்டு, ரிலீஸ் பேரிங், இன்ஜின் பின்பக்க ஆயில் சீல், லிவர் கம்பிகளின் புஷ் எல்லாவற்றையும் புதிதாகப் போடச் சொன்னேன். பெட்டியை இறக்கி ஏற்றும் கூலிதான் பெரிய செலவு, அதை இரண்டாவது முறை கொடுக்க மனசில்லை. இப்போது இரண்டாவது கியர் குளிரிலும் சத்தமில்லாமல் விழுகிறது. முதல் 1,000 கிலோமீட்டர் முடிந்ததும் எண்ணெயை மாற்றி, அதையும் வெள்ளைத் தட்டில் பார்க்க வேண்டும்.