சட்னி சாண்ட்விச் ஏன் சொதசொதவென்று ஆகிறது?

பாண்டியில் இப்போது சாண்ட்விச் கேட்டால் மயோனைஸும் சீஸும் வழிய வழியத்தான் வருகிறது. பிரட்டின் ருசியே தெரிவதில்லை. வெண்ணெய், பச்சைச் சட்னி, வெள்ளரிக்காய், தக்காளி வைத்து முக்கோணமாக வெட்டி ரயிலுக்குக் கட்டிக்கொண்டு போவார்களே, அந்தப் பழைய சாண்ட்விச்சுக்கு இந்தப் பூச்செல்லாம் வேண்டாம். பிரட்டுக்குள் தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பேக்கரியில் வெட்டாத பிரட் கேளுங்கள். முந்தின நாள் சுட்டதென்றால் இன்னும் நல்லது. சூடான பிரட் கத்தியில் ஒட்டி நசுங்கும். ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வெட்டவும். ஃப்ரிட்ஜில் வைத்தால் சீக்கிரம் விறைத்துவிடும். மிஞ்சியதை ஃப்ரீசரில் போடலாம். நம் கடற்காற்றில் வெளியே வைத்தால் பூசணம் பிடிக்க அதிக நாளாகாது.

சட்னிதான் பெரும்பாலும் காலை வாரும். பெரிய மார்க்கெட் கொத்தமல்லி ஒரு கட்டு, இளந்தண்டோடு. புதினா இலை பதினைந்து போதும். அதன் தண்டு விழுந்தால் கசக்கும். பச்சை மிளகாய் 2, சின்னத் துண்டு இஞ்சி, கால் ஸ்பூன் சீரகம், உப்பு, ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை. பொட்டுக்கடலை தண்ணீரை இழுத்துக்கொள்ளும் என்பதால் அதை விடாதீர்கள். இரண்டு மேசைக்கரண்டி ஐஸ் தண்ணீருக்கு மேல் ஊற்ற வேண்டாம். கரண்டியைக் கவிழ்த்தால் சட்னி விழக் கூடாது, அதுதான் பதம். எலுமிச்சையைக் கடைசியில் பிழியுங்கள், புளிப்பு ஏறி நேரமானால் பச்சை நிறம் பழுப்பாகும். தேங்காய் சேர்த்தால் வெயிலில் ஊசிப்போகும்.

வெண்ணெயைக் கொஞ்சம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள். கெட்டியாகத் தேய்த்தால் பிரட் பிய்ந்துவிடும். ஒரு துண்டுக்கு ஒன்றரை டீஸ்பூன், இரண்டு துண்டிலும், ஓரம் வரை. எங்கே வெண்ணெய் படவில்லையோ அங்கேதான் ஊறும். சட்னி அதற்கு மேல்தான்.

வெள்ளரிக்காயை மெல்லிசாக வெட்டித் துணியில் ஒற்றி எடுங்கள். தக்காளியில் விதைச் சதையை வழித்துவிடவும். உப்பும் மிளகுத்தூளும் மூடப்போகும்போது மட்டும். முன்னாலேயே தூவினால் காய் தண்ணீர் விட்டுவிடும். கட்டிக்கொண்டு போவதென்றால் வெங்காயம் வேண்டாம், ஒரு மணி நேரத்தில் டப்பாவே நாறும். அவித்து ஆறிய உருளைக்கிழங்கு வைக்கலாம். மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துப் பத்து நிமிடம் விட்டுப் பல்லுள்ள கத்தியால் வெட்டினால் உள்ளிருப்பது பிதுங்காது.

1954-இல் பிரெஞ்சு ஆட்சி போனாலும் அவர்களுடைய நீளமான பிரட்டான பாகெத் இங்கேயே தங்கிவிட்டது. ஆனால் அதற்கு இந்தச் சட்னி ஒத்துவராது, ஓட்டை ஓட்டையான உட்பக்கம் வழியாக ஒழுகிவிடும். அதில் வெண்ணெயும் ஆம்லெட்டும் வைத்துக் காலையிலேயே சாப்பிடுங்கள். சாயங்காலம் மேல்தோல் ரப்பராகியிருந்தால் லேசாகத் தண்ணீர் தெளித்து 180 டிகிரி அவனில் ஐந்து நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பு திரும்பும். வெட்டி ஒதுக்கிய பிரட் ஓரங்களைக் காயவைத்துப் பொடித்தால் கட்லெட்டுக்கு ஆகும்.